பெரியவருக்குப் பக்கத்தில் நிற்பவர்

காலை பத்து மணி நாற்பது. அன்றைய படப்பிடிப்புக் கொப்பியில் அந்த நேரத்துக்கு நேரே, “தண்ணீர் – எல்லோரும்” என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பிழை அந்த வரியில்தான் தொடங்கியது. எல்லோரும் குடிக்கவில்லை. ஒருவர் போத்தலை வாங்கி, மூடியைத் திறக்காமலே வரம்பில் வைத்துவிட்டு முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். நான் அதைக் கண்டேன். கண்டுவிட்டுத்தான் “எல்லோரும்” என்று எழுதினேன்.

அந்த ஒருவர் என் மகள் ஹஸ்னா. நாற்பது நிமிடம் கழித்து அவள் ஸ்பொஞ்சும் இறப்பரும் கொண்ட ஒரு பூத உடைக்குள், சவளக்கடை வயல் ஒன்றின் நடுவே நின்றாள்.

நம் படக் குழுவை இப்போது நடத்துகிறவர்களுக்கும், எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஏன் விலகினீர்கள் என்று கேட்டவர்களுக்கு முழங்கால் வலி என்று சொல்லிவந்தேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்வேன், எழுந்து கடைக்குப் போய்விடுவேன். அதனால் இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். உடை செய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். ஸ்பொஞ்சை எப்படி வெட்டுவது, இறப்பர் பாலில் எத்தனை பூச்சு என்பதெல்லாம் இதில் இல்லை.

புதியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பதினொரு வருடம் ஜப்பானில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். அங்குள்ள தொலைக்காட்சித் தொடர்களுக்கும் படங்களுக்கும் பூத உடைகள் செய்கிற இடம் அது. கணினியில் வரையாமல், ஓர் உடைக்குள் ஆளை இறக்கி, இடுப்பளவுக் கட்டடங்களுக்கு நடுவே நடக்கவிட்டுப் படம் பிடிப்பார்கள். கமெராவைத் தரையோடு வைத்தால் அந்த ஆள் மலை போலத் தெரிவார்.

அந்தத் தளத்தில் உடைக்குப் பக்கத்தில் நிற்பதற்கென்றே ஒருவர் உண்டு. நான் யாரிடம் இந்த வேலையைப் பழகினேனோ, அந்தப் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் மற்றவர்கள் எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடுவார்கள். அவர் நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டார். உடையின் நகத்துக்குள் தன் கையை வைப்பார். உள்ளே இருப்பவர் ஒரு தடவை அழுத்தினால் சுகமாக இருக்கிறார். அழுத்தாவிட்டால் அடுத்த நொடி முதுகுத் தையலை அறுத்துவிடுவார். அதற்கென்று இடுப்பில் ஒரு சிறு கத்தி. உங்களுக்குத் திரையில் பார்க்க ஆசை இல்லையா என்று என் உடைந்த ஜப்பானிய மொழியில் ஒருநாள் கேட்டேன்.

“திரையைப் பார்க்க இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவருடைய விரலைப் பார்க்க நான் ஒருத்திதான்” என்றார்.

தலையையும் வாலையும் கம்பி கட்டி வெளியிலிருந்து ஆட்டலாம். விரல் மட்டும் உள்ளே இருக்கிற மனிதருடையது. ஒருமுறை அந்தப் பெண்ணின் முழங்கை காட்சிக்குள் விழுந்துவிட்டதென்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் கத்தினார். அவர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த தடவையும் அதே இடத்திலேயே நின்றார்.

ஊருக்குத் திரும்பிக் கல்முனையில் மெத்தைக் கடை போட்டிருந்தபோதுதான் றிஸ்வான் என்னைத் தேடிவந்தான். பகலில் டியூஷன் வகுப்பு எடுக்கிறவன். கமெராவுக்குப் பாண்டிருப்பிலிருந்து சுதாகரன். பிள்ளைகளுக்கு நம் பேச்சில், நம் கடைத்தெருவில் பூதம் வருகிற படம் எடுத்து இணையத்தில் போட வேண்டும் என்றார்கள். கடையில் மிஞ்சிய ஸ்பொஞ்சில்தான் நம் பூதம் உருவானது. உடை மேசையில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துச் சுதாகரன் அதற்குப் “பெரியவர்” என்று பெயர் வைத்தான். “பெரியவருக்கு முதுகு கிழிஞ்சிட்டு”, “பெரியவர லொறியில ஏத்துங்க” என்று அதுவே நின்றுவிட்டது.

பெரியவர் எங்கிருந்து வருவார் என்பதுதான் நாம் எடுத்த முதல் பெரிய முடிவு. கடலிலிருந்து என்று றிஸ்வான் எழுதியிருந்தான். ஜப்பானில் பல பூதங்கள் அப்படித்தான் வரும். சுதாகரன் தாளைப் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தான்.

“வேற எங்கயும் இருந்து வரட்டும் மச்சான்” என்றான். “எங்கட உம்மாமாரும் உங்கட அம்மாமாரும் இதப் பாப்பாங்க” என்று சொல்லி, தன் பக்கத்து அம்மாவையும் எங்கள் பக்கத்து உம்மாவையும் மாற்றிச் சொல்லிவிட்டதை உணர்ந்து சிரித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வீடு ஆள் குறைந்தது. பெரியவர் நாவிதன்வெளிப் பக்கத்து வயலிலிருந்து எழும்பட்டும் என்று முடிவாயிற்று. அந்த முடிவு சரியானது, இன்றும் மாற்ற மாட்டேன். ஆனால் அதனால்தான் கடற்காற்றை விட்டுவிட்டு, வறண்டு சுடுகிற கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில், அறுவடை முடிந்த வயலுக்குப் போனோம். சரியான ஒரு முடிவுக்குப் பின்னால் வருகிற ஆபத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை உடைக்குள் போய்வந்த பொடியன் கட்டார் விசா கிடைத்துப் போய்விட்டான். அளவு சரியாக இருந்தது ஹஸ்னாவுக்கு. இருபத்திரண்டு வயது, முன்பள்ளி ஆசிரியை. சின்னவர்களுக்கு நடித்து நடித்தே கதை சொல்கிறவள். அவளே கேட்டாள். என் மனைவி இரண்டு நாள் யோசித்தாள்.

“உள்ளுக்கு ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாதுதானே, போகட்டும்” என்றாள். “ஆனா நீங்க பக்கத்தில நிக்கணும். ஒரு எட்டு அங்கால போனாலும் நான் விடமாட்டன்.”

அன்று முதல் நான் நின்றேன். ஹஸ்னா உள்ளே இருக்கும்போது என்னைத் தவிர ஒருவரும் உடையைத் தொடக் கூடாது என்று குழுவுக்குச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவருக்கு இடது பக்கம், இரண்டு எட்டுத் தள்ளி என் இடம். நான் இடுப்பில் கட்டுகிற நீலக்கட்டச் சாறன் எப்படியும் காட்சியின் ஓரத்தில் விழுந்துவிடும்.

“சேர், பூதம் வாற தெருவில ஆரோ சாறன் காயப்போட்ட மாதிரி இரிக்கி” என்பான் றிஸ்வான்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு வீட்டில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து அன்று எடுத்ததைப் போட்டுப் பார்ப்போம். மனைவிக்குக் கதையில் அக்கறை இல்லை. ஓரத்தில் நீலம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பாள். தெரிந்ததும் சிரிப்பாள்.

“இஞ்சாருங்க, பெரியவர விட உங்கட சாறன்தான் கூட நடிக்கிது.”

“கடைசியில வாப்பாட பேரையும் போடணும் உம்மா. சாறன் எண்டு” என்பாள் ஹஸ்னா.

இனி அந்த நாள்.

அன்று பெரியவருக்கு வேலையே இல்லை. வயலில் கட்டிய சின்னக் கடைத்தெருவுக்கு வர்ணம் பூசுவதாகத்தான் திட்டம். ஹஸ்னாவும் தூரிகையோடுதான் வந்தாள். பக்கத்து வரம்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, கையில் தாக்கத்தியோடு வந்து வெள்ளை ரெஜிபோம் அட்டையில் செய்த கடைகளைச் சுற்றிப் பார்த்தார். சாக்கை விலக்கிப் பெரியவரின் முகத்தையும் பார்த்தார்.

“இதுக்குள்ள ஆளும் போறயா?”

“ஓம் அக்கா” என்றான் சுதாகரன்.

“என்னத்துக்கு மனே? கோழியெண்டாலும் அவிச்சுத் திங்கலாம், ஆள அவிச்சு என்ன செய்யிற?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பத்தரை மணியளவில் வயல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நாளைக் காலை வயலில் மாடு விடப்போவதாகச் சொன்னார். இரண்டு மாதமாகச் செய்த கடைத்தெருவை மாடுகள் ஒரு நேரத்தில் மிதித்து முடித்துவிடும். பெரியவர் விழுகிற கடைசிக் காட்சி இன்னும் எடுக்கவில்லை. றிஸ்வான் என்னைப் பார்த்தான். “இண்டைக்கே எடுப்பம். ளுஹர் தொழுகைக்கு முன்ன முடிச்சிருவம்” என்றேன். எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

ஹஸ்னா என் அருகே வந்தாள்.

“வாப்பா, நாளைக்கு எடுக்க ஏலாதா?”

“நாளைக்கு மாடு வந்திரும் மகள்.”

அவள் பையன்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி வாப்பா” என்றாள். பிறகுதான் அந்தப் போத்தலை வரம்பில் வைத்தாள்.

எனக்கு விளங்கியதா என்று பின்னர் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பாதி விளங்கியது. றமழானில் பெண்பிள்ளைகளுக்கு விடுபடுகிற நோன்புகள் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கழா நோன்பு பிடித்து முடிப்பார்கள். எந்த நாளில் பிடிக்கிறார்கள் என்று வீட்டு ஆண்கள் கேட்பதில்லை. ஒரு பெண்பிள்ளை பகலில் தண்ணீரை வேண்டாமென்று வைத்தால் காணாதது போல நகர்ந்துவிடுவதுதான் நாங்கள் பழகிய மரியாதை. அந்த மரியாதையோடு நான் தலையைக் குனிந்து கொப்பியில் எழுதினேன். அதே கொப்பியில் முந்தைய நாட்களுக்கு, உடைக்குள் போகிறவர் எத்தனை கிளாஸ் குடித்தார் என்று எண்ணி எழுதியிருக்கிறேன். அன்று எண்ணவில்லை. எண்ணினால் கேட்க வேண்டிவரும்.

அவளை உள்ளே இறக்கினேன். விழும் காட்சியில் முதுகு தெரியும் என்பதால் முதுகில் இழுத்து மூடுகிற ஸிப்புக்கு மேலே செதிள் பட்டி ஒன்றைக் கம் பூசி ஒட்டினேன். இனி வெட்டித்தான் திறக்க வேண்டும். கத்தி என் இடுப்பில் இருந்தது. கையை நகத்துக்குள் வைத்தேன். ஒரு தடவை அழுத்தினாள்.

அப்போது றிஸ்வான் வந்தான்.

“சேர், இண்டைக்கு ஒருக்கா மட்டும். வயல் முழுக்கத் தெரியிற ஷொட். ஒளிஞ்சி நிக்க ஒரு பத்தை கூட இல்ல. திரைக்கிட்ட வாங்க. அங்க இரிந்து பாத்தா மகள்ற நடிப்பு இன்னும் வடிவாத் தெரியும்.”

அவனைக் குறை சொல்ல மாட்டேன். இயக்குநர் கேட்க வேண்டியதை அவன் கேட்டான். மாட்டேன் என்று சொல்ல வேண்டியது என் வேலை. ஆனால் ஒரு தடவையாவது அவளைத் திரையில், படம் பார்க்கிற ஒருவனைப் போல, முழுதாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. நாற்பது எட்டு நடந்து திரைக்குப் பின்னால் போய் நின்றேன். நான் போகிறேன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. உடைக்குள் இருப்பவருக்கு ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக நேரே இருப்பது மட்டுமே தெரியும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள், நிற்கவில்லை என்பது தெரியாது.

பதினொன்று இருபத்திரண்டு. பெரியவர் கடைத்தெருவுக்குள் வந்தார். சின்னப் பேருந்து நிலையத்தைத் தட்டினார். நெல் ஆலையின் கூரையைப் பெயர்த்தார். பிறகு நின்றார். ஆடினார். ஒரு முழங்கால் மடிந்தது, பிறகு மற்றது. புழுதி எழும்பியது. இடது கையை மெல்லப் பக்கவாட்டில் நீட்டினார். நகங்கள் காற்றில் ஒருமுறை மூடித் திறந்தன. இன்னொரு முறை மூடித் திறந்தன. கை கீழே விழுந்தது. தலை சாய்ந்து இரண்டு கடைகளை நொறுக்கியது.

“மாஷா அல்லாஹ்” என்றான் றிஸ்வான், மூச்சை அடக்கிக்கொண்டு. கட் சொல்லவில்லை. சுதாகரன் கமெராவை அசைக்காமல் பிடித்திருந்தான். எவ்வளவு அழகாகச் சாகிறார் பெரியவர் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வருடம் இந்த வேலையைப் பழகியவன், என் கண் கலங்க நின்றேன்.

வரம்பிலிருந்து சத்தம் வந்தது.

“டேய், பிள்ள விழுந்திட்டெல்லோ! என்னத்தடா பாத்துக்கு நிக்கிறீங்க!”

புல் அறுத்த அக்கா வயலுக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார். அவருக்குத் திரை தெரியாது, கதையும் தெரியாது. வெயிலில் ஒரு ஆள் விழுந்ததை மட்டும் அவர் கண்டார். றிஸ்வானும் சுதாகரனும் பாய்ந்தார்கள். அவருக்கு முன்னரே பெரியவரை எட்டினார்கள். எட்டியதும் இரண்டடி தள்ளி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைகள் நீண்டபடி இருந்தன, தொடவில்லை. நான் போட்ட சட்டம் அது. நாற்பது எட்டுத் தூரத்திலிருந்து ஓடிவருகிற எனக்காக அந்த இரண்டு நல்ல பிள்ளைகளும் காத்து நின்றார்கள்.

“தொடுங்கடா!” என்று கத்தினேன். எதிர்க் காற்றில் அது அவர்களுக்கு எட்டவில்லை.

அக்கா அவர்களை இடித்துத் தள்ளிவிட்டு முழங்காலில் இருந்தார். தாக்கத்தியை என் செதிள் பட்டிக்கு அடியில் கொடுத்து, புல் அறுப்பதைப் போல ஒரே இழுவையில் முதுகைப் பிளந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஹஸ்னாவின் தலையை வெளியே எடுத்துவிட்டார். முகம் சிவந்து, தொட்டால் சுட்டது. வியர்வை ஒரு துளி இல்லை.

“வேர்க்கல்ல. வேர்வை நிண்டா மோசம்” என்றார் அக்கா. “வயல்ல நெல்லு அருவி வெட்டுக்க இப்பிடி விழுறவங்கள நான் கண்டிரிக்கன். தண்ணிய மேல ஊத்து மனே! வாயில ஊத்தாத, மேல ஊத்து!”

அவள் காலையில் திறக்காமல் வைத்த போத்தல்தான் முதலில் கைக்கு எட்டியது.

லொறியில் போட்டுச் சம்மாந்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்காவும் ஏறிக்கொண்டார், வழி நெடுக அவளுடைய கழுத்திலும் கையிலும் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே வந்தார். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று தாதி கேட்டபோது, “பத்து நாப்பதுக்கு” என்று சொன்னேன். கொப்பியில் அப்படித்தானே இருக்கிறது. என் மகளின் உயிரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் நான் பொய் சொன்னேன், அது பொய் என்று பாதி தெரிந்தும். மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“உடைக்குள்ளயா?” என்றாள் அவள். “இண்டைக்கு வர்ணம் எண்டுதானே சொன்னீங்க? அவ நோன்புங்க. கழா நோன்பு. விடியச் சஹருக்கு எழும்பினதோட சரி, இன்னும் ஒண்டும் குடிக்கல்ல.”

ஓடிப்போய்த் தாதியிடம் திருத்திச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். தாளில் இருந்ததை வெட்டி எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

நீங்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு முழுவதும் தெரியாது. இவ்வளவு தெரியும். இன்றைக்குத் தண்ணீர் குடிக்க முடியுமா, முடியாதா என்று உடைக்குள் போகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். காரணம் கேட்க வேண்டாம். பெண்பிள்ளையானால் ஒரு பெண்பிள்ளை கேட்கட்டும். அதற்காகவே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அன்று பெரியவர் சாக்குக்குள்ளேயே படுக்கட்டும், மாடு வந்து ஊரை மிதிக்கட்டும். உடைக்குப் பக்கத்தில் நிற்பவர் காட்சியைக் கெடுத்தால் கெடுக்கட்டும். யார் தொடலாம் என்ற பேச்சைக் காலையிலேயே, எல்லோரும் சுகமாக இருக்கும்போதே பேசி முடியுங்கள். அப்புறம், விரலைப் பாருங்கள். அந்த நகங்கள் இரண்டு தடவை மூடித் திறந்தது நடிப்பு இல்லை. என் கை இருக்க வேண்டிய இடத்தில் அவள் என் கையைத் தேடினாள். இது எனக்கு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருக்கும்போதுகூட உறைக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர் காய்ச்சல் இறங்கிற்று. ஹஸ்னா கண்ணைத் திறந்தாள், பேர் சொன்னாள், ஊர் சொன்னாள். ஆபத்துத் தாண்டிவிட்டது, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் வாங்கில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் றிஸ்வான் கமெராப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அந்தக் காட்சியை அழித்துவிடவா என்று கேட்டான்.

கடைசியாக என் மனைவி வந்தாள். முச்சக்கரவண்டிக்காரர் வழி தவறிச் சுற்றி வந்ததால் பிந்திவிட்டது. என்னைக் கடந்து நேரே உள்ளே போய், மகளின் தலையைத் தடவி, நெற்றியில் ஓதி ஊதிவிட்டு, வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் றிஸ்வானிடம் கையை நீட்டினாள்.

“தாங்க தம்பி, பாப்பம்.”

அவன் தயங்கி, கமெராவின் சின்னத் திரையில் அதைப் போட்டுக் கொடுத்தான். அவள் நின்றபடியே பார்த்தாள். பெரியவர் முழங்காலில் விழுந்தார். இடது கையை நீட்டினார். நகங்கள் மூடித் திறந்தன. அவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். வீட்டில் பார்ப்பதைப் போலவே, திரையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“பிள்ள கை நீட்டுற இடத்தில உங்கட சாறனக் காணல்லியே” என்றாள்.